டென்மார்க்குக்கு ஆள் போகுது

கரோலின் செய்த பிழை ஒன்றே ஒன்றுதான். யூஜினி அன்ரியிடம் வாயைத் திறந்தாள்.

ஜூன் மாதத்து வெள்ளிக்கிழமை. பின்னேரம் மூன்று மணி. ரொறன்ரோவில், ரெக்ஸ்டேல் பக்கம், அன்ரி வீட்டுக் குசினி. வேலையால் வந்த கரோலின் கதிரையில் சரிந்து உட்கார்ந்தாள். இறால் உரித்துக்கொண்டிருந்த அன்ரியிடம், ஒரு வருடம் முடியும்வரை நிற்காமல் திரும்பிப் போய்விடலாமோ என்று யோசிப்பதாகச் சொன்னாள்.

இறால் உரித்த கை நின்றது. எப்ப என்று அன்ரி கேட்டார்.

"தெரியேல்ல அன்ரி. பார்ப்பம்."

பார்ப்பம். அந்த ஒரு சொல்தான். அதைச் சொன்ன நேரத்தில் அவளிடம் ரிக்கற் இல்லை. திகதி இல்லை. முடிவுகூட இல்லை. இரண்டே நாளில் மூன்றும் கைக்கு வந்துவிடும் என்று அவளுக்குத் தெரியாது.

அல்லது தெரியுமோ?

அந்தக் கேள்வி அவளைப் பிடிக்க இன்னும் ஐந்து நாள் இருந்தது.

*

கரோலினுக்கு இருபத்தேழு வயது. டென்மார்க்கில், ஹேர்னிங் என்ற ஊரில் பிறந்து வளர்ந்தவள். யாழ்ப்பாணத்துத் தீவொன்றிலிருந்து போன அப்பா, அம்மாவுக்கு ஒரே பிள்ளை. பேக்கரி வேலையை நாலு வருடம் முறையாகப் படித்துப் பத்திரம் எடுத்தவள். மாவையும் பட்டரையும் அடுக்கடுக்காக மடித்து அவள் செய்கிற பணிஸைப் பிய்த்தால் இருபத்தேழு மடிப்பு எண்ணலாம். வயதுக்கு ஒன்று என்று சொல்லிச் சிரிப்பாள்.

இளம் ஆட்கள் ஒரு வருடம் வந்து நாட்டையும் பார்த்து, வேலையும் செய்துவிட்டுப் போகலாம் என்று கனடா ஒரு விசா கொடுக்கிறது. அவளுக்கு அது ஒரு முறைதான் கிடைக்கும். ரொறன்ரோவின் நல்ல பேக்கரி ஒன்றில் ஒரு வருடம், பிறகு ஹேர்னிங்கில் சொந்தக் கடை. இதுதான் திட்டம். உருட்டுக்கட்டையையும் கிறீம் பிழியும் குழல்களையும் ஒரு தகரப் பெட்டியில் போட்டுக்கொண்டு தை மாதத்துப் பனிக்குள் வந்து இறங்கினாள். யூஜினி அன்ரி அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அக்கா. முறைக்குப் பெரியம்மா. கனடாவில் எல்லோரும் அன்ரிதான் என்று முதல்நாளே சொல்லி, பேஸ்மென்ற் அறையின் திறப்பைக் கொடுத்தார்.

பதினேழு பேக்கரி ஏறி இறங்கினாள். டென்மார்க் அனுபவம் நல்லதுதான், கனடிய அனுபவம் இருக்கிறதா என்று கேட்டார்கள். இரண்டு இடத்தில் ஒருநாள் வேலை வாங்கிப் பார்த்தார்கள். பிறகு கூப்பிடவில்லை.

கடைசியில் கிடைத்தது மிசிசாகாவில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில், ஜன்னல் இல்லாத ஒரு கட்டடம். விமானங்களுக்குச் சாப்பாடு அடுக்குகிற இடம். அவளுடைய வேலை, ஒவ்வொரு தட்டிலும் ஒரு பணிஸ், ஒரு பட்டர். பணிஸ் எங்கேயோ செய்து, உறைந்துபோய்ப் பெட்டியில் வரும். பணிஸ் செய்யத் தெரிந்தவள் விடிய ஐந்து மணியிலிருந்து மத்தியானம் ஒன்றரை மணிவரை பணிஸ் வைத்துக்கொண்டிருந்தாள்.

அடுக்கிய தட்டுகள் தள்ளுவண்டிலில் ஏறும். வண்டிலில் ஊரின் பெயர் ஒட்டியிருக்கும். சில நாள் கொப்பன்ஹேகன் என்று ஒரு வண்டில் வரும். அந்த வண்டிலுக்கு மட்டும் பட்டரின் எழுத்து நிமிர்ந்திருக்கும்படி பார்த்து வைப்பாள். யாருக்குத் தெரியப்போகிறது? அவளுக்குத் தெரியும்.

ஒரே ஒரு நம்பிக்கை ரொறன்ரோவுக்குக் கிழக்கே, விட்பி என்ற ஊரில் இருந்தது.

கௌசி. இங்கேயே படித்து வளர்ந்தவள். விட்பியில் புதிதாக எழும்பிய வீடுகளுக்கு நடுவில் சின்னதாக ஒரு பேக்கரி திறக்க இடம் எடுத்திருந்தாள். பங்குனி மாதம் கரோலின் அன்ரி வீட்டு அடுப்பில் சுட்ட பணிஸ் நாலைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். கௌசி ஒன்றைத் தின்று முடிக்கும்வரை பேசவில்லை. அடுப்பு வந்து பூட்டியதும் கூப்பிடுகிறேன், வேறு ஒருவரையும் பார்க்கமாட்டேன் என்று பிறகு சொன்னாள்.

சித்திரையில் அடுப்பு எங்கோ துறைமுகத்தில் நின்றது. வைகாசியில் அடுப்பு வந்தது, பரிசோதகர் வரவில்லை. ஜூனில் ஒரு செய்தியும் இல்லை. கரோலினும் எடுத்துக் கேட்கவில்லை. கேட்டால், இல்லை என்று சொல்லிவிட்டால்?

*

ரொறன்ரோவிலிருந்து லண்டனுக்கும் பாரிசுக்கும் கிழமைக்கு நாலு பேர் போவார்கள். அவர்களிடம் சாமான் கொடுத்துவிட ஒருவரும் அவதிப்படுவதில்லை. இவர் இல்லாவிட்டால் அடுத்தவர். ஆனால் டென்மார்க்? வருடத்துக்கு ஒருவர் போனால் பெரிய விசயம்.

சனிக்கிழமை காலை முதல் பார்சல் வந்தது. யோகமலர் என்ற பெண் கொண்டுவந்தார். கரோலின் அவரை அதற்கு முன் கண்டதே இல்லை. அண்ணன் மகளுக்குத் தைத்த இரண்டு சட்டை, பாரமே இல்லை என்றார். இன்னும் முடிவெடுக்கவில்லை என்று சொல்லக் கரோலின் வாயெடுத்தாள். அதற்குள் அன்ரி வாங்கி மேசையில் வைத்துவிட்டார்.

ஞாயிறு தேவாலயத்தில் தமிழ்ப் பூசை முடிந்து மண்டபத்தில் தேத்தண்ணி கொடுக்கும்போது ஆறு பேர் அவளைத் தேடி வந்தார்கள். எல்லோரும் ஒரே மாதிரித்தான் தொடங்கினார்கள். நீர்தானே டென்மார்க் போற பிள்ளை? முருங்கையிலைத் தூள். விற்றமின் குளிசை. பிறந்தநாள் உடுப்பு. சுற்றிச் சுற்றிக் கட்டியும் மணக்கிற கருவாடு.

பேஸ்மென்ற் படியில் குவிந்திருந்த பைகளைத் தாண்டி இறங்கிய மரியோ அப்படியே நின்றான். மரியோ அன்ரியின் மகன். இருபத்துநாலு வயது. தமிழில் தொடங்கி ஆங்கிலத்தில் முடிப்பான், அல்லது மறுவளமாக.

"யூ டோல்ட் மை மொம்? அதுக்குப் பூசையில மைக்கைப் பிடிச்சே சொல்லியிருக்கலாமே."

ஞாயிறு பின்னேரம் நாலு மணிக்குக் கடைசிப் பார்சல் வந்தது. கொண்டுவந்தவர் அமிர்தநாதர். அறுபத்தெட்டு வயது, தனி ஆள். இரண்டு தெரு தள்ளி அடுக்குமாடியில் இருக்கிறார். ஒரு சதுரப் பெட்டி. மண்ணிற ரேப்பால் இண்டு இடுக்கு விடாமல் சுற்றியிருந்தது. மேலே கறுப்பு மையில் தங்கையின் பெயர்: மரியம்மா, ஹேர்னிங். நல்ல பாரம். உள்ளே என்ன என்று அவர் சொல்லவில்லை. கவனம் பிள்ளை என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கரோலின் பெட்டியை மெல்ல அசைத்துப் பார்த்தாள். உள்ளே இரும்போடு இரும்பு முட்டிய சத்தம். மரியோ காதை வைத்துக் கேட்டுவிட்டு, இதைக் கொண்டுபோனால் விமான நிலையத்தில் உன்னைத் தனி அறைக்குக் கூட்டிப்போவார்கள் என்று பகிடி பண்ணினான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. இவ்வளவு கவனமாகச் சுற்றிய மனிதர் எவ்வளவு நாளாக இதை அனுப்பக் காத்திருந்தாரோ?

அன்ரி படியில் நின்று எல்லாவற்றையும் ஒருதரம் பார்த்தார்.

"இவ்வளவு பேரிட்டயும் வாங்கி வைச்சிட்டு, இனி ரிக்கற் எடுக்காம இருக்கேலுமே பிள்ளை?"

வாங்கி வைத்தது அவர்தான். ஆனாலும் கரோலின் அன்றைக்கே ரிக்கற் எடுத்தாள். வியாழக்கிழமை பின்னேரம். அம்மாவுக்குப் போன் போட்டாள். ஏன் என்று அம்மா ஒரு வார்த்தை கேட்கவில்லை. அறையைத் துப்புரவாக்கி வைக்கிறேன் என்றார். திங்கட்கிழமை வேலையிடத்தில் புதன்கிழமையோடு நிற்பதாகச் சொன்னாள். மேலாளர் நிமிர்ந்து பார்க்காமலே தலையாட்டினார்.

எல்லாம் சரி. எல்லாம் தன்பாட்டில் நடந்து முடிந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை ஒன்றே முக்காலுக்கு, பஸ் தரிப்பில், போன் அடித்தது.

*

கௌசி.

"கரோலின், அடுப்புப் பூட்டியாச்சு. பரிசோதகர் கையெழுத்தும் வைச்சிட்டார். திங்கட்கிழமை தொடங்குவமா?"

கரோலின் கோபமாக இருப்பாள் என்று கௌசி நினைத்திருக்கவேண்டும். படபடவென்று மன்னிப்புக் கேட்டாள். சொல்ல ஒன்றும் இல்லாமல் போன் எடுக்க வெட்கமாக இருந்தது என்றாள். தானே மாவை மடித்து இரண்டு தரம் சுட்டதாகவும், இரண்டு தரமும் குப்பைக்குப் போனதாகவும் சொன்னாள். வேறொரு பெண்ணும் வேலை கேட்டிருக்கிறாளாம். நாளைக்குள் ஒரு சொல் சொன்னால் போதுமாம்.

பஸ் வந்தது. கதவு திறந்தது. சாரதி அவளைப் பார்த்தார். அவள் ஏறவில்லை. பஸ் போய்விட்டது.

ரெக்ஸ்டேலிலிருந்து விட்பிக்கு இரண்டு பஸ், ஒரு ரெயின். போக இரண்டு மணித்தியாலம், வர இரண்டு. அதெல்லாம் ஒரு பிரச்சினையே இல்லை. ஜூலையிலிருந்து தை மாதம்வரை முழுசாக ஆறு மாதம். தன் கையால் மா பிசைந்து, தன் பெயரைச் சொல்லி விற்கிற பணிஸ்.

அடுத்த பஸ்ஸில் வீட்டுக்கு வந்து அன்ரியிடம் சொன்னாள். அன்ரி பொல்லாதவர் இல்லை. நல்ல விசயம்தான் என்று முதலில் சொன்னார். பிறகு படிப் பக்கம் பார்த்தார். அத்தனை பேரிடமும் யார் திருப்பிக் கொடுப்பது, என்ன முகத்தோடு கொடுப்பது என்று கேட்டுவிட்டு, உருளைக்கிழங்கு வெட்டப் போய்விட்டார்.

கரோலின் அன்றிரவு ஒரு கணக்குப் போட்டாள். எட்டுப் பார்சல். ஏழுக்குச் சமாதானம் சொல்லலாம். ஆனால் அந்தச் சதுரப் பெட்டி? அதை அமிர்தநாதர் திருப்பி வாங்கிவிட்டால் மற்றதெல்லாம் ஒன்றுமில்லை.

ஆக, முதலில் கஷ்டமானது.

*

புதன்கிழமை. கடைசி நாள் வேலை முடிந்து வந்து, பெட்டியைச் சாமான் வாங்கும் தள்ளுவண்டிலில் வைத்துக் கட்டினாள். இரண்டு தெரு. வெயில் சுட்டது. ஒன்பதாவது மாடி.

லிஃப்ற்றுக்குள் நாலு விதமாகப் பேசிப் பார்த்தாள். எப்படித் தொடங்கினாலும் கடைசியில் அந்த மனிதரின் முகம் வாடியது.

கதவைத் திறந்த அமிர்தநாதர் பெட்டியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். உள்ளே வரச் சொல்லித் தேத்தண்ணி போடப் போனார். அவள் குசினி வாசலில் நின்றபடியே சொன்னாள். விட்பியில் வேலை கிடைத்திருக்கிறது, நிற்கலாமோ என்று யோசிக்கிறேன், உங்கள் பார்சலை நினைத்தால்தான் மனது கேட்கவில்லை.

அவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"உதுக்கே இந்த வெயிலுக்குள்ள இழுத்துக்கொண்டு வந்தனீர்? உது ரெண்டு நொன்ஸ்ரிக் சட்டி பிள்ளை."

அவளுக்கு விளங்கவில்லை.

"மலிவில போட்டிருந்தாங்கள். கீறல் விழக்கூடாதெண்டுதான் அவ்வளவு சுத்தினனான்."

தங்கைக்குச் சட்டி தேவை இல்லையா என்று கேட்டாள்.

"மரியம்மாவிட்ட இல்லாத சட்டியே? டென்மார்க்குக்கு ஆள் போகுதெண்டு சனிக்கிழமை யூஜினி போன் எடுத்துச் சொன்னா. ஆள் போகேக்க ஒண்டும் குடுத்துவிடாட்டி அவள் என்ன நினைப்பாள்? அதான் ஓடிப்போய் வாங்கினனான்."

ஓடிப்போய். சனிக்கிழமை. அதாவது அவள் அன்ரியிடம் சொன்னதற்கு அடுத்தநாள். இந்தப் பெட்டி எதற்கும் காத்திருக்கவில்லை. அவள் போகிறாள் என்பதால்தான் பெட்டியே பிறந்திருக்கிறது.

அமிர்தநாதர் சிரித்துக்கொண்டே வந்து கயிற்றை அவிழ்த்தார். முதலில் உம்மட அலுவலைப் பாரும், வேறு ஆராவது போவினம், போகாவிட்டால் நானே இதில் முட்டை பொரிப்பேன் என்றார். பெட்டியைத் தூக்கக் குனிந்தார்.

பெட்டி வரவில்லை.

மறுபக்கத்தைக் கரோலின் பிடித்திருந்தாள்.

"இல்லை அங்கிள். நான் கொண்டு போறன்."

அவர் நிமிர்ந்தார். "நிக்கப்போறனெண்டெல்லே இப்ப சொன்னனீர்?"

"யோசிச்சனான் எண்டுதான் சொன்னன். ரிக்கற் எடுத்தாச்சு. எல்லாரும் சாமான் தந்திட்டினம்."

"எல்லாற்ற சாமானும் உப்பிடித்தான் இருக்கும் பிள்ளை."

அவள் பெட்டியை விடவில்லை. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தபடி நின்றார்கள். பிறகு அவர் தன் பக்கத்தை விட்டுவிட்டு, தேத்தண்ணி ஆறுது, குடிச்சிட்டுப் போம் என்றார்.

*

இறங்கும்போது லிஃப்ற்றில் அவளும் பெட்டியும் மட்டும்தான். அப்போதுதான் அந்தக் கேள்வி வந்து பிடித்தது.

ஏன் யூஜினி அன்ரியிடம் சொன்னாய்?

மரியோவிடம் சொல்லியிருக்கலாம். அவன் ஒருவரிடமும் மூச்சு விடமாட்டான். அம்மாவிடம் சொல்லியிருக்கலாம். ஆறு மாதம் ஒரே வீட்டில் இருந்தவளுக்கு அன்ரியின் காதில் விழுந்தது எவ்வளவு தூரம் போகும் என்று தெரியாதா? தெரியும். தெரிந்துதான் வாயைத் திறந்தாள். முடிவை எடுக்க ஏலாமல், அதை எடுத்துத் தரக்கூடிய ஆளிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். கனடா எனக்குச் சரிவரவில்லை என்று ஹேர்னிங்கில் போய்ச் சொல்வது ஒன்று. கொண்டுபோக இவ்வளவு சாமான் இருந்தது என்று சொல்வது வேறொன்று.

விட்பியிலும் சரிவராவிட்டால்? ஜன்னல் இல்லாத கட்டடத்தில் பிழை கட்டடத்தின் மேல். கௌசியின் கடையில், நல்ல அடுப்பில், தன் கையால் மடித்த மா எழும்பாவிட்டால் பிழையை யார் மேல் போடுவது?

எட்டு, ஏழு, ஆறு என்று எண்கள் இறங்கின. கீழ்த்தளத்துக்கு வந்ததும் போனை எடுத்தாள். ரிக்கற் எடுத்துவிட்டதாகவும், பலரின் சாமான்களைப் பொறுப்பெடுத்துவிட்டதாகவும் கௌசிக்கு எழுதி அனுப்பினாள். இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது. ஓகே, ஆல் த பெஸ்ற்.

அவ்வளவுதான். இன்னொரு தரம் கேட்பாள் என்று கரோலின் எதிர்பார்த்திருந்தாள். அதுவும் அப்போதுதான் தெரிந்தது.

*

இரண்டு பெட்டி, ஒவ்வொன்றும் இருபத்து மூன்று கிலோ. மற்றவர்களின் சாமான் உள்ளே போக, அவளுடைய உடுப்பு பாதிதான் போனது. உருட்டுக்கட்டையும் தகரப் பெட்டியும் வெளியே நின்றன. பிறகு வருவாய்தானே, இங்கேயே கிடக்கட்டும் என்று அன்ரி சொன்னார். டென்மார்க்கிலிருந்து கொண்டுவந்த உருட்டுக்கட்டை, அன்ரியின் லாச்சியில் அகப்பைகளோடு போய்ப் படுத்தது. லாச்சி முழுதாக மூடவில்லை. அன்ரி இடுப்பால் ஒரு தள்ளுத் தள்ளி மூடினார்.

வியாழக்கிழமை மரியோதான் காரில் ஏற்றிப்போனான். வழக்கத்துக்கு மாறாகப் பாட்டுப் போடவில்லை. நெடுஞ்சாலைப் பலகைகள் தெரியத் தொடங்கியதும் மெதுவாகச் சொன்னான்.

"இதில கிழக்கால திரும்பினா விட்பி. ஐ'ம் ஜஸ்ற் சேயிங்."

பலகை கிட்ட வந்தது. பெரிதானது. பின்னால் ஒரு லொறி ஹோர்ன் அடித்தது.

"லேனை மாத்து மரியோ. எயர்போட்டை விட்டிடுவாய்."

அவன் லேனை மாற்றினான்.

விமானத்தில் சாப்பாடு வந்தது. தட்டில் ஒரு பணிஸ், ஒரு பட்டர். பட்டர் தலைகீழாகக் கிடந்தது. அவளுடைய இடத்துக்குப் புதிதாக வந்த ஆள் வைத்ததாக இருக்கும். கரோலின் அதை நிமிர்த்தி வைத்தாள். சாப்பிடவில்லை.

*

ஹேர்னிங். மூன்று கிழமை கழித்து ஒரு சனிக்கிழமை. மற்ற எல்லாப் பார்சலையும் கொடுத்து முடித்து, கடைசியாகச் சதுரப் பெட்டியோடு மரியம்மாவின் வீட்டுக்குப் போனாள்.

மரியம்மா கத்தரிக்கோலால் ரேப்பை வெட்டினார். வெட்டவே பத்து நிமிடம் போனது. சட்டிகளை வெளியே எடுத்துப் பார்த்து, அண்ணைக்கு வேறு வேலையில்லை என்று சொல்லி, மேல் அலுமாரியைத் திறந்தார். அங்கே அதே மாதிரி நாலு சட்டி ஒன்றுக்குள் ஒன்றாக இருந்தன. இந்த இரண்டையும் அதற்கு மேல் வைத்தார்.

அவர் தேத்தண்ணி போடுகிற நேரத்தில் கரோலின் போனைப் பார்த்தாள். விட்பிப் பேக்கரியின் முதல்நாள் படத்தைக் கௌசி போட்டிருந்தாள். கண்ணாடிக்கு முன்னால் ஆட்களின் வரிசை, பின்னால் தட்டுத் தட்டாகப் பணிஸ். பக்கத்தில் ஏப்ரன் கட்டிய ஒரு பெண், வாயெல்லாம் பல்லாக. கரோலின் படத்தைப் பெரிதாக்கினாள். மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. மாவை ஆறவிடாமல் அவசரப்பட்டு மடித்திருக்கிறாள். அரை மணித்தியாலம் குளிரில் வைத்திருந்தால் போதும். பக்கத்தில் நின்றிருந்தால் சொல்லிக் கொடுத்திருக்கலாம். இந்த மடிப்புப் பிழையோடும் கடை திறந்துதான் இருக்கிறது. ஆட்கள் வரிசையில் நின்று வாங்குகிறார்கள்.

தேத்தண்ணியோடு மரியம்மா வந்தார். மற்றக் கையில் பழைய துவாயால் சுற்றிய ஏதோ ஒன்று. நீளமாக, பாரமாக. அதை மேசையில் வைத்து மெல்ல அவள் பக்கம் தள்ளினார்.

"விசா தை மாதம்வரை இருக்கெண்டு அம்மா சொன்னா. திரும்பக் கனடா போவீரே பிள்ளை? உது அண்ணைக்கு."

அன்ரியின் லாச்சியில் ஒரு உருட்டுக்கட்டை கிடந்தது. விட்பியில் அவளுடைய இடத்தில் வேறொருத்தி நின்றாள்.

"பார்ப்பம்," என்றாள் கரோலின்.

மரியம்மா போனை எடுத்தார்.